துப்பாக்கிக்கு அப்பிய சந்தனம்

பிரேமாவுக்குப் பயம் அதிகம். ஆயுதப்படையில் இத்தனை வருடம் வேலை பார்த்தும் அது குறையவில்லை. அந்தப் பயத்தால்தான் அவளுடைய பிஸ்டல் அவ்வளவு சுத்தமாக இருந்தது. தூத்துக்குடி உப்புக்காற்றுக்கு இரும்பு என்றால் இளக்காரம். ஜன்னல் கம்பியையே தின்றுவிடும். அதனால் தினமும் மேகசினைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லையென்று இரண்டு முறை பார்த்து, பிரஷ் போட்டு, துணியால் துடைத்து, ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விடுவாள். குழந்தையைக் குளிப்பாட்டியாச்சா என்று கூட இருக்கும் ஆண் போலீஸார் கேலி செய்வார்கள். அவர்களுடைய துப்பாக்கிகளின் லட்சணத்தை நான் சொல்லப்போவதில்லை.

இந்த வருடம் அவளை மாப்பிள்ளையூரணியில் ஞானபாய்க்குக் காவல் போட்டார்கள். ஞானபாய் மீன் விற்பவள். எதிர்வீட்டுக்காரனை ஒரு கும்பல் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றதைக் கண்ணால் பார்த்தவள். கோர்ட்டில் சொன்னால் தலை இருக்காது என்று அவளுக்கு ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்கள். தசரா விடுமுறை முடிந்ததும் அவள் சாட்சி சொல்ல வேண்டும்.

பிரேமாவுக்குச் சோறு இறங்கவில்லை. குலசை அம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் காளி, குரங்கு, போலீஸ் என்று வேஷம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை கேட்டு வரும் நாட்கள் அவை. சாயத்துக்குள் முகம் தெரியாது. கையில் அருவாள் இருக்கும்; தகரமா, நிஜமா, யார் கண்டது?

ஆயுத பூஜையன்று காலை ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளை வரிசையாக வைத்துப் பூசை நடந்தது. மற்றவர்கள் ஆளுக்கொரு பொட்டு வைத்தார்கள். பிரேமா, அம்மா கைவிட்டுராதே என்று வேண்டிக்கொண்டு, குழைத்த சந்தனத்தை மேலே, பக்கவாட்டில், பின்னால் என்று அப்பினாள். பூசை போட்டதை அன்றைக்கே துடைக்க மனசு வரவில்லை. அப்படியே உறையில் செருகிக்கொண்டு காவலுக்குப் போனாள்.

மதியம் தெருவில் மேளம் கேட்டது. கூட்டத்திலிருந்து ஒரு காளி பிரிந்து, அருவாளை ஓங்கியபடி ஞானபாயின் வாசலுக்குள் ஓடிவந்தது. பிரேமா நிற்கச் சொல்லிக் கத்தியது மேளத்தில் அமுங்கிப்போனது. அவள் பிஸ்டலை உருவினாள். தோட்டா ஏறுவதற்காக மேலுள்ள ஸ்லைடை இழுத்துவிட்டு, நெஞ்சைப் பார்த்து விசையை அழுத்தினாள்.

சுடவில்லை. இடுக்கில் காய்ந்திருந்த சந்தனம் ஸ்லைடைப் பாதி வழியில் பிடித்து நிறுத்தியிருந்தது. செத்தோம் என்று நினைத்தாள். அதற்குள் காளி முழங்காலில் விழுந்து, அருவாளைக் கீழே போட்டது. தகரச் சத்தம் கேட்டது.

"யம்மா, நான் பால்கார ஆறுமுகநயினாரும்மா. காணிக்கைக்குதான் ஆடி வந்தேன்."

தினமும் காலையில் அந்த வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர். அந்தப் பாலில் போட்ட காபியைத்தான் அன்றும் பிரேமா குடித்திருந்தாள். அவள் பிஸ்டலைத் தாழ்த்தினாள். உள்ளேயிருந்து ஞானபாய் வந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"ஏளா பிரேமா, அந்தப் பதட்டத்துலயும் ஆளப் பாத்து சுடாம விட்டியே. இனி ஒன்ன நம்பி தைரியமா கூண்டுல ஏறுவேன்."

நான் சுட்டேன் அக்கா என்று சொல்ல பிரேமாவுக்கு வாய் வரவில்லை.

மாலையில் கிடங்கில் ஸ்லைடு சிக்கியதை மட்டும் சொன்னாள். நிஜமாகவே வெட்ட ஆள் வந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று அதிகாரி திட்டித் தீர்த்தார். உட்கார்ந்து, சந்தனத் துகளை ஒன்று விடாமல் பிரஷ்ஷால் எடுத்தாள். துடைத்தாள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஸ்லைடை இழுத்துவிட்டாள். அது வழுக்கிக்கொண்டு போய்ச் சரியாக மூடியது.

இனி விசையை அழுத்தினால் கட்டாயம் சுடும். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, காளிகள் வந்துபோகும் அந்தத் தெருவுக்கு மறுபடி போக அவளுக்குப் பயமாக இருந்தது.