மிஸ்ஸி வீட்டு ‘கிளினிக்’

தனியார் வீடு ஒன்றை, அங்கே குடியிருப்பவரின் பெயரோடு வரைபடத்தில் குறிக்கக் கூடாது. ஓய்வுபெற்ற பிறகு நான் பங்களித்துவரும் திறந்த வரைபடத்தின் விதி இது. அதை யாரும் திருத்தலாம், யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். பார்ப்பவர் எங்கே போகிறார் என்று அது பின்தொடர்வதில்லை. எல்லோருடைய கைபேசியிலும் இருக்கும் பெரிய நிறுவனத்தின் வரைபடத்துக்கும் இப்படியொரு விதி இருக்கலாம். எங்கள் ஊரான குண்டசாலையில் அது அமுலில் இருக்கவில்லை.

என் பக்கத்து வீட்டில் இருப்பவர் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவிச்சியாக வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். தாதியரை அழைக்கும் வழக்கப்படி ஊருக்கே அவர் மிஸ்ஸி. நன்றியுள்ள யாரோ ஒருவர், அவருடைய வீட்டைப் பெயரும் தொலைபேசி எண்ணுமாகப் பெரிய வரைபடத்தில் ‘கிளினிக்’ என்று போட்டுவிட்டார். தெல்தோட்டையிலிருந்தெல்லாம் காய்ச்சல்காரப் பிள்ளைகளை த்ரீவீலில் தூக்கிவந்தார்கள்.

“மருந்து குடுக்க எனக்கு இப்ப அனுமதி இல்லண்ணே. ஒரு பச்சப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னயத்தான் பொலிஸுக்குக் கூப்புடுவாங்க.”

“வந்தவங்கள என்ன செஞ்சீங்க?”

“அவ்வளவு தூரம் வந்தவங்கண்ணே. உக்கார வச்சு பிளேன்டி குடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொன்னேன்.”

நீக்கும்படி நிறுவனத்துக்கு முறைப்படி விண்ணப்பித்தேன். இடம் இயங்குவதை அண்மையில் வந்துபோனவர்கள் உறுதிசெய்திருக்கிறார்கள் என்று, மனிதக் கை படாத பதில் ஒன்று உடனே வந்தது. வரைபடத்தில் போய்ப் பார்த்தேன். ‘அன்பான அம்மா. காசு வாங்கவில்லை. தேநீரும் தந்தார்.’ ஐந்து நட்சத்திரம். அதற்குக் கீழேயும் அதே மாதிரி. மிஸ்ஸி ஊற்றிய ஒவ்வொரு கோப்பையும் அவருக்கு எதிரான சாட்சியாகப் பதிவாகியிருந்தது.

“வர்றவங்ககிட்ட கொஞ்சம் சிடுமூஞ்சியக் காட்டுங்க. அப்பதான் இது போகும்.”

“வூட்டுக்கு வந்தவங்ககிட்டயா? ஒங்க ஆபீஸ் பழக்கத்த இங்க கொண்டாராதீங்கண்ணே.”

ஆகவே மேன்முறையீடு செய்துவிட்டு, கைவசம் இருந்ததைக் கொண்டு சமாளித்தேன். பெரிய வரைபடத்தில், டாக்டர் இருந்து நோய் பார்க்கும் அரசாங்க மருந்தகம் வயலுக்குள் கிடந்தது. திறந்த வரைபடத்தில் அதை நான் நடந்து பார்த்து, வாசல் எந்தப் பக்கம் என்பது வரை வரைந்திருந்தேன். அந்தப் பக்கத்தை அச்சடித்து, போகும் வழியைச் சிவப்பில் கீறி, மிஸ்ஸியின் கேட்டில் மாட்டினேன். அதில் அவருடைய வீடு பெயரில்லாத ஒரு கட்டம். வந்தவர்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போனார்கள்.

சில வாரங்களில் முதல் ஒற்றை நட்சத்திரம் விழுந்தது. ‘இங்கே வைத்தியம் இல்லை. கேட்டில் ஒரு படம்தான் தொங்குகிறது. யாரும் வந்து பேசவுமில்லை.’

மிஸ்ஸி அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். “எங்கிட்டச் சொல்லியிருந்தா ஒரு வாய் தண்ணியாச்சும் குடுத்திருப்பேனே.”

நான் அதைப் பிரதி எடுத்து மேன்முறையீட்டோடு இணைத்தேன். என் சேவைக்காலத்தில் இவ்வளவு நல்ல ஆவணம் என் கையில் கிடைத்ததில்லை. அதற்கு மேலும் நினைவூட்டல்கள் அனுப்ப வேண்டியிருந்தது. இடம் நீக்கப்பட்டது என்ற பதில் தைப்பொங்கலுக்கு மறுநாள் வந்தது.