கண்ணாடியில் இல்லாத கறுப்பு

அஸர் தொழுகை முடிந்து சிறிது நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. நான் பரிசோதனை லெப்பின் பின்பக்கத் தொட்டியில் கண்ணாடி ஸ்லைட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். இன்னாரின் கணவரும் இன்னாரின் தகப்பனாருமாகிய என்று நீண்ட மரண அறிவித்தல், 'லெப் ஜவாத்' என்ற பெயரில் வந்து நின்றது. குழாயை மூட மறந்துபோனேன். முன்பக்கத்தில் இரத்தம் கொடுக்கக் காத்திருந்த பெரியவர், "அந்தக் கோவக்கார மனிசனா? வெள்ளிக்கிழமை ஜும்ஆவில எனக்குப் பக்கத்திலதானே இருந்தாரு" என்றார். மாரடைப்பாம்.

எங்கள் சாய்ந்தமருதில் இரத்தப் பரிசோதனைக்கு அவரிடம் கையை நீட்டாதவர்கள் குறைவு. அவருடைய சத்தம் உங்களுக்கு நினைவிருக்கும். "மீச வெச்சவனெல்லாம் ஊசியக் கண்டா உம்மாவத் தேடுறான்" என்பார். ஊசி ஏறியதே தெரியாமல் இரத்தம் எடுத்துவிடுவார். நீங்கள் திரைக்கு முன்னால் இருந்து அவரைக் கண்டவர்கள். நான் திரைக்குப் பின்னால் நின்றவள். அங்கே நடந்த ஒன்றை எழுத நினைக்கிறேன்.

தரம் ஒன்பதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, பதினாறு வயதில் அந்த லெப்பில் சேர்ந்தேன். பெயர் பதிவதும் ஸ்லைட் கழுவுவதும் என் வேலை. மாதக் கணக்காக அவரிடம் "ஓம் சேர்" என்பதைத் தவிர வேறெதுவும் நான் கதைத்ததில்லை. "இந்தப் புள்ளைக்கு வாய் இரிக்கா, இல்ல பசை வெச்சி ஒட்டினதா?" என்று வருகிறவர்களிடம் கேட்பார். அவர்கள் சிரிப்பார்கள். நான் தொட்டிப் பக்கம் போய்விடுவேன்.

மைக்ரோஸ்கோப்பை நான் தொடக்கூடாது. கடற்காற்றின் ஈரத்தில் கண்ணாடிகளில் பூஞ்சணம் பிடிக்குமென்று, உள்ளே சின்ன மின்குமிழ் எரியும் மர அலுமாரியில் அதை வைத்திருந்தார். இரண்டு கண்ணாலும் பார்க்கிற கருவி அது. ஆனால் அவர் ஒற்றைக் குழாய்க் கருவியில் தொழில் பழகியவர். எப்போதும் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால்தான் பார்ப்பார்.

ஒரு மாதத்தில் மட்டும் கருவியின் மின்குமிழை இரண்டு தடவை மாற்றினார். "வெளிச்சம் காணா. கம்பனிக்காரன் ஏமாத்துறான்" என்று திட்டிக்கொண்டே பழையதை என்னிடம் எறியத் தந்தார். இரண்டிலும் உள்ளே கம்பி அறுந்திருக்கவில்லை. கண்ணாடி கறுத்திருக்கவும் இல்லை. அதைக் கண்டேன். சொல்லவில்லை. சேருக்குத் தெரியாததா என்று குப்பையில் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் மருதமுனையிலிருந்து ஒரு பெண் வந்தார். அக்கா வயது என்பதால் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். தறியில் நெய்கிறவர். பத்து நாட்களுக்கு முன் சளிப் பரிசோதனைக்கு வந்து, காசநோய்க் கிருமி இல்லை என்ற ரிப்போட்டை வாங்கிப் போனவர். இப்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார். கையிலிருந்த கைலேஞ்சித் துணியை விரித்துக் காட்டினார். இரத்தம்.

"ஒண்டுமில்ல எண்டு எழுதித் தந்தீங்களே சேர். அத நம்பித்தான் புள்ளையப் பக்கத்தில போட்டுப் படுக்கிறன். நாலு மாசப் புள்ள. பாலும் குடுக்கிறன்."

சேர் உள்ளே வந்தார். பார்த்து முடித்த ஸ்லைட்டுகளைப் பெட்டியில் வைத்திருப்பது வழக்கம். அந்த ராத்தாவின் பழைய ஸ்லைட்டை எடுத்து, ஒரு துளி எண்ணெய் விட்டு, பெரிய வில்லையை அதில் தொடும்படி இறக்கிக் குனிந்தார்.

"நடுவில ஒரு கறுப்பு நிக்கிது."

ஸ்லைட்டை நகர்த்தினார். கறுப்பு நகரவில்லை. "அப்ப ஸ்லைட்டில இல்ல." கண் வைக்கும் குழாயைச் சுழற்றினார். கறுப்பு அதோடு சேர்ந்து சுற்றவில்லை. "இதிலயும் இல்ல." வில்லையை மாற்றினார். அப்போதும் இருந்தது. கீழே வெளிச்சத்தைக் குவிக்கும் கண்ணாடியை இறக்கித் துடைத்தார். மின்குமிழை மூன்றாவது தடவையாக மாற்றினார். திரைக்கு அப்பால் ராத்தா இருமினார். ஒவ்வொரு இருமலுக்கும் சேரின் கை நின்று நின்று வேலை செய்தது.

திடீரென்று என் பக்கம் திரும்பினார். "இதத் தொட்டது ஆரு? நீ தொட்டியா?"

இல்லையென்று தலையை ஆட்டினேன்.

"பூஞ்சணம் புடிச்சிட்டு. அலுமாரி லைட்ட நீதானே அணைச்ச? வா, வந்து பாரு. நடுவில கறுப்புத் தெரியிதா, இல்லையா?"

அதற்கு முன் நான் அதற்குள் பார்த்ததே இல்லை. குனிந்தேன். நீல நிறம் பரந்து கிடந்தது. அதற்குள் மெல்லிய சிவப்புக் கோடுகள், ஒடித்துப் போட்ட நூல் துண்டுகள் போல. அவைதான் காசநோய்க் கிருமிகள் என்று அப்போது எனக்குத் தெரியாது. கறுப்பு எதுவும் இல்லை. இல்லையென்று சொன்னால் அவரைப் பொய்யர் என்று சொன்னதாகிவிடும். தெரிகிறது என்றால் அவர் கண்ணாடியைத்தான் துடைத்துக்கொண்டிருப்பார். நிமிராமல் அப்படியே நின்றேன்.

"வாயத் திறயன் புள்ள!"

"இல்ல சேர்."

"என்ன இல்ல?"

"கறுப்பு இல்ல. நல்லாத் தெரியிது. சிவப்பா, குச்சி மாதிரி கொஞ்சம் கிடக்கு."

என்னை விலக்கிவிட்டு மறுபடியும் குனிந்தார். இம்முறை வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஒன்ட மூக்கக் காணல்ல புள்ள" என்றார்.

ராத்தாவைத் தானே போய் உள்ளே கூப்பிட்டார். "மகள், போனமுறை நான் தந்த ரிப்போட் பிழை. மெசினில பிழையில்ல. என்ட கண்ணில பிழை."

ராத்தா கேட்டது ஒன்றுதான். "அப்ப என்ட புள்ள?"

சேர் சாவியை எடுத்தார். "இப்பவே போவம்" என்று லெப்பைப் பூட்டினார். த்ரீவீலில் மருதமுனைக்குப் போய்ப் பிள்ளையை எடுத்துக்கொண்டு, கல்முனையில் மார்புநோய் சிகிச்சை நிலையத்துக்குப் போனோம். பெண்பிள்ளை ஒருத்தி கூட இருக்கட்டும் என்று என்னையும் ஏற்றினார். பிள்ளையைப் பரிசோதித்து முடிக்கும்வரை அவர் உட்காரவே இல்லை. நோய் தொற்றியிருக்கவில்லை. தடுப்பு மருந்து தொடங்கினார்கள். தாய்க்கு ஆறு மாத மருந்து.

திரும்பி வரும்போது, எறியத் தந்த மின்குமிழ்கள் பழுதாகாமல் இருந்ததைச் சொன்னேன்.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

"பயம் சேர்."

"எனக்குப் பயந்தா?"

"ஓம்."

"அப்ப அந்தப் பிழையும் என்டதான்" என்றார்.

மறுநாள் பெட்டியோடு எல்லா ஸ்லைட்டுகளையும் தனக்குத் தெரிந்த இன்னொரு லெப்காரரிடம் கொடுத்து மறுபடி பார்க்கச் சொன்னார். இன்னும் ஒன்று பிழையாக இருந்தது. சம்மாந்துறையில் அந்த ஸ்லைட்டுக்குரியவரின் வீட்டுக்கும் தானே போனார். அவர்கள் ஏசினார்களாம். நின்று கேட்டுவிட்டு, நோயாளியைக் கல்முனைக்கு ஏற்றிக்கொண்டு போனார். "மெசினில பிழை எண்டு சொல்லியிருக்கலாமே" என்று சேரின் மனைவி கேட்டபோது, "சொன்னா ஆக்கள் நம்பிருவாங்க. அதுதான் பயம்" என்றார். ஊர் முழுக்கச் சீனி வருத்தம் பார்த்துச் சொன்ன மனிதர் தன் இரத்தத்தை ஒருநாளும் பார்த்திருக்கவில்லை. சீனிதான் கண்ணைத் தின்றது என்று கண் வைத்தியர் சொன்னார். அந்த மாதத்தோடு லெப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டார்.

ஜவாத் சேரின் ஜனாஸா வீட்டுக்கு அந்த ராத்தா பிள்ளையோடு வந்திருந்தார். பிள்ளை கதிரைகளுக்கிடையில் ஓடித் திரிந்தது. "அண்டைக்கு இவர நான் மனசுக்குள்ள சபிச்சன்கா" என்றார் என்னிடம். "மெசின் பழுது, அடுத்த கிழமை வா எண்டிருந்தா, ஓம் எண்டு போயிருப்பன். போய்ப் புள்ளைக்குப் பால் குடுத்திருப்பன்." இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. என்ட பேர மட்டும் போடாத."

போன கிழமை, லெப்பை எடுத்து நடத்தும் புதிய சேர் ஒரே பெயருள்ள இரண்டு பேருடைய இரத்தக் குழாய்களை மாற்றி வைத்துவிட்டார். "சேர், இது மத்த ஆளுட" என்றேன். அவர் முகம் சுளித்தார். பிறகு பார்த்துவிட்டு மாற்றி வைத்தார். நான் தொட்டிக்கு வந்து, கழுவிய ஸ்லைட்டுகளையே மறுபடியும் கழுவினேன்.

ஜவாத் சேரிடமிருந்து எனக்குத் தைரியம் வந்தது என்று சொல்ல மாட்டேன். பயம் இன்னும் அப்படியே இருக்கிறது. முன்பெல்லாம் பயந்து, சொல்லாமல் விடுவேன். இப்போது சொல்லிவிட்டுப் பயப்படுகிறேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அவ்வளவுதான்.