உப்பில் எரியாத புண்

எழுபதுகளின் பின்பாதியில் திருவண்ணாமலையில் ஒரு தோல் மண்டியில் மேற்பார்வையாளனாக இருந்தேன். போளூர் ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் நீளமான தகரக் கொட்டகை. சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்து வரும் மாட்டுத்தோலை விரித்து, சதைப்பக்கம் உப்பு தேய்த்து அடுக்கிவைப்போம். வாரம் ஒருமுறை ராணிப்பேட்டைக்கு லாரி போகும். நாற்றத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. பஸ்ஸில் என் பக்கத்து இடம் எப்போதும் காலியாக இருக்கும் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அங்கே உப்புதான் எங்களுக்கு டாக்டர். கையில் கத்தி கீறியிருந்தாலும் முள் குத்தியிருந்தாலும் உப்பு அதைத் தேடிப்பிடித்து எரிய வைத்துவிடும். எரிகிற வரைக்கும் அது புண். எரிச்சல் நின்றுவிட்டால் ஆறிவிட்டது என்று அர்த்தம். யாராவது கையைத் தூக்கிக்கொண்டு வந்தால் உப்புத் தண்ணீரைத் தொட்டு வைப்பேன். முகம் சுளித்தால் அரை நாள் லீவு, சுளிக்காவிட்டால் வேலைக்குப் போக வேண்டியதுதான். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். லீவுக்காக நடிப்பவர்களைப் பிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது என்று எனக்குப் பெருமை வேறு.

சுமை தூக்குபவர்களில் ஒருவர் அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வந்ததும் சட்டையைக் கழற்றி வெளியே வேப்பமரத்தில் மாட்டிவிடுவார். அதில் நாற்றம் ஏறினால் வீட்டில் துவைத்துத் துவைத்து மனைவிக்குக் கை போய்விடும் என்பார். அதனால் ஈரத்தோல் மடிப்பெல்லாம் அவருடைய வெறும் தோளிலும் கழுத்திலும்தான் ஏறி இறங்கும்.

ஒரு ஐப்பசியில், மழை ஆரம்பித்த சமயம், ஒரு கட்டுத் தோல் வந்தது. அறுத்த மாடு இல்லை, தானாகச் செத்தவை. ரத்தம் உறையாமல் கறுத்துக் கசிந்துகொண்டிருந்தது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று இப்போது சொல்ல முடியாது. செத்த மாட்டுத்தோலையும் எடுப்பது வழக்கம்தான் என்பதால், உப்பைக் கொஞ்சம் ஜாஸ்தியாகப் போடச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

ஐந்தாறு நாள் கழித்து அவர் என்னிடம் கழுத்தைக் காட்டினார். வலது காதுக்குக் கீழே, நாலணா அகலத்துக்குக் கரி மாதிரி ஒரு பொருக்கு. சுற்றிலும் லேசான வீக்கம். முதலில் பூச்சி கடித்தமாதிரி அரித்ததாம், பிறகு கொப்புளமாகிக் கறுத்துவிட்டதாம். வழக்கம்போல உப்புத் தண்ணீரைத் தொட்டு அதன்மேல் வைத்தேன். அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“எரியலையா?”

“ஒண்ணுமே தெரியலிங்க.”

“அப்ப ஆறிடுச்சு. போங்க, லாரி நிக்குது.”

அவருக்கு ஒரே நிம்மதி. எனக்கும்தான். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

மூன்றாம் நாள் அவருடைய மனைவி அவரை ஜட்காவில் வைத்து மண்டி வாசலுக்கே கொண்டுவந்துவிட்டாள். தாடையிலிருந்து மார்பு வரைக்கும் ஒரே வீக்கம், குரல் வெளியே வரவில்லை. அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். புதிதாக வந்திருந்த டாக்டரம்மா பொருக்கைப் பார்த்ததுமே என்ன வேலை என்று கேட்டார். தோல் என்றதும் ஊசிக்குச் சொல்லி அனுப்பினார். ஆனால் வீக்கம் தொண்டையை அடைத்துக்கொண்டே வந்தது. மறுநாள் மத்தியானம் அவர் போய்விட்டார்.

அது அடைப்பான். டாக்டரம்மா ஆந்த்ராக்ஸ் என்றார். மாட்டுக்கு வருகிற அடைப்பானை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், எங்கள் வீட்டுத் தொழுவத்திலேயே இரண்டு மாடு போயிருக்கிறது. அது தோலில் ஒட்டிக்கொண்டு வரும், உப்புக்கும் சாகாது, மனிதனுக்கும் ஏறும் என்பதுதான் தெரியாது. கறுத்த புண்ணை முதலில் பார்த்தது யார் என்று டாக்டரம்மா கேட்டார். நான்தான் என்றேன்.

“இந்தப் புண்ணு வலிக்காது. அதுதான் இதோட அடையாளமே. அன்னிக்கே அனுப்பியிருந்தா பொழைச்சிருப்பாரு.”

அதற்கு மேல் அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிறகு டாக்டரம்மாவே மண்டிக்கு வந்து கட்டளைகள் போட்டார். ரத்தம் கறுத்த தோலைப் பிரிக்கவே கூடாது, சுண்ணாம்பு கொட்டி ஆழமாகப் புதைக்க வேண்டும். காலர் வைத்த சட்டை, ரப்பர் கையுறை, சோப்பு. முதலாளி சோப்புக்கு உடனே தலையாட்டினார், மற்றதற்கெல்லாம் இழுத்தார். கையுறைக்குள் உப்பு இறங்கி அறுக்கிறது என்று ஆட்களும் முணுமுணுத்தார்கள். நான் விடவில்லை. தினமும் காலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். கலெக்டர் மாதிரி ஜமாபந்தி ஆரம்பிச்சுட்டாருடா என்று பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து இறந்தவருடைய மனைவி அதே மண்டிக்கு உப்பு தேய்க்க வந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு எங்கே போவாள் என்று நினைத்து அடக்கிக்கொண்டேன். நான் உப்புத் தண்ணீர் வைத்த கதையை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்லத் தைரியம் இல்லை.

முதல் நாள் காலை வரிசையில் கடைசியாக நின்றாள். இரண்டு கையையும் நீட்டினாள். பார்த்துவிட்டு, சரி போம்மா என்றேன். அவள் நகரவில்லை.

“ஆறிடுச்சுன்னு நீங்க சொன்னீங்கன்னு அன்னிக்கு வந்து சந்தோஷமா சொன்னாருங்க” என்றாள். குரலில் கோபம் இல்லை. பிறகு திரும்பி நின்று கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். “கழுத்தையும் பாருங்க.”

வெளிச்சத்துக்கு வரச்சொல்லி, ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும் இடம் விடாமல் பார்த்தேன். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. எண்பதுகளின் நடுவில் மண்டியை மூடும்வரைக்கும் அவள் தினமும் அப்படித் திரும்பி நின்றாள். தினமும் பார்த்தேன்.