கைதட்டும் கூடம்

கம்பெனி தொடங்கும் கனவெல்லாம் எனக்குக் கிடையாது. நாகர்கோவிலில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். ஊரில் ஒரு ஆக்சிலரேட்டர் வந்தது. தொழில் தொடங்க நினைப்பவர்களைச் சில மாதம் ஒரே கூடத்தில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்து, முதலீட்டாளர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். தோவாளைப் பிச்சிப்பூ வளைகுடா போய்ச் சேரும்வரை வாடாமலிருக்க ஒரு பெட்டி செய்யலாமே என்று சும்மா சொல்லிவைத்தேன். மொத்தக் கூடமும் கைதட்டியது. என் கல்யாணத்தில்கூட என்னை அப்படி யாரும் கொண்டாடவில்லை. வேலையை விட்டுவிட்டேன்.

அங்கே காலையில் ஒவ்வொருவராக எழுந்து, நேற்று எது சொதப்பியது என்று சொல்ல வேண்டும். யாரும் சிரிக்க மாட்டார்கள். சேர்ந்து உட்கார்ந்து வழி தேடுவார்கள். கூட இருந்த ஒருத்தி பலாச்சுளையில் போட்ட சக்க வற்றலை நான் வாங்கினேன், என் பெட்டியை அவள் வாங்கினாள். அதையே வியாபாரம் என்று நம்பினோம், நல்ல கூத்து.

பயிற்சி முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் கிளம்பினார்கள். சக்க வற்றல்காரி துபாய்க்கே போய்விட்டாள். வாடகை அறையில் நானும் பெட்டிகளும் மிஞ்சினோம். கம்பெனி படுத்துவிடவில்லை. தோவாளை வியாபாரிகள் சிலர் இன்றும் வாங்குகிறார்கள். ஆனால் காலையில் போனில் "சரி அண்ணாச்சி, அனுப்புதேன்" என்பதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். வீட்டிலும் பேச ஆளில்லை. வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. சில நாள் அழுகையே வந்துவிடும்.

போன மாதம், அதே கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தைரியம் சொல்லக் கூப்பிட்டார்கள். பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்தாள்.

"அக்கா, உங்க கம்பெனியில எத்தன பேரு வேல செய்யுதாங்க?"

"நான் மட்டுந்தான் மக்கா."

கூடமே கைதட்டியது. அதைத் துணிச்சல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் யாரும் கூப்பிடாமலே கிளம்பிப் போய், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பொறுப்பாளர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"இன்னைக்கு உங்க பேச்சு இல்லியே மேடம், என்ன விசயம்?"

இங்கே இருக்கத்தான் வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"இன்னொரு கம்பெனி தொடங்கலாம்னு இருக்கேன் சார்" என்றேன்.