பேருக்கு இரண்டு குதிரைகள்

ராயபுரத்தில் குடியிருந்துகொண்டு கிண்டி பந்தயத்தைப் பார்த்ததில்லை என்று சொன்னால், துறைமுகத்துக்காரர்கள் நம்மை நோயாளியைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். டெர்பி என்னும் பெரிய பந்தயம் நடந்த போன சனிக்கிழமையோடு எனக்கு அந்த நோய் தீர்ந்தது.

பகல் பன்னிரண்டு மணிக்கு ஜட்கா ஏறினோம். பீச் ஸ்டேஷன் இரண்டு மைல், எட்டணா. உடன் வந்தவர்கள் இருவர்: துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் லூர்துசாமி, பேசின் பிரிட்ஜ் ரயில்வே ஷெட்டில் கரி அள்ளிப் போடும் சூசை. லூர்துசாமியின் மகனுக்குச் சூசையின் மகளைக் கொடுத்திருக்கிறது. பிறந்திருக்கும் பேரனுக்கு மறுநாள் ஞானஸ்நானம். என்ன பெயர்? தன் பெயர்தான் என்று இருவரும் மூன்று வாரமாக ஒற்றைக் காலில் நின்றார்கள். கடைசியில், ஆளுக்கொரு குதிரை, எது முந்துகிறதோ அதைச் சொன்னவர் பெயர் என்று முடிவாயிற்று. பந்தய விதிகளைப் படித்தவன் என்பதால் நான் மத்தியஸ்தன். விதி என்று எது அச்சானாலும் நான் படித்துவிடுவேன். விளையாட மட்டும் மாட்டேன்.

"குதிர மேல பணம் கட்டப் போற நைனா, இந்தக் குதிரக்கி ஒரு கட்டு புல்லு வாங்கிக் குடேன்" என்றான் ஜட்காக்காரன்.

மின்சார ரயிலில் கிண்டி எட்டு மைல் சொச்சம்; மூன்றாம் வகுப்பு நாலணா. பெட்டி முழுவதும் பந்தயப் புத்தகத்தில் தலை புதைத்து, பரீட்சை மண்டபம் போல இருந்தது. என் ஆட்கள் மட்டும் விதிவிலக்கு. லூர்துசாமியின் குதிரை 'சில்வர் ஆங்கர்', அதாவது வெள்ளி நங்கூரம். சூசையுடையது 'பிளாக் லாந்தர்', கறுப்பு விளக்கு.

"உன் ஆங்கரு தண்ணில போடத்தான் லாயக்கு, சம்பந்தி."

"உன் லாந்தரு பகல்ல எரியுமா, அதச் சொல்லு."

மைதானத்தில் புல் அத்தனை பச்சை, தொப்பிகள் அத்தனை வெள்ளை. டிக்கெட் ஜன்னலில் குதிரையின் பெயரைச் சொல்லக் கூடாது, எண்ணைத்தான் சொல்ல வேண்டும் என்று விளக்கினேன். இருவரும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவது போல ஆளுக்கொரு ஜன்னலுக்குத் தனியாகப் போனார்கள்.

நாலு மணிக்கு டெர்பி. கடைசித் திருப்பத்தில் மற்றக் குதிரைகள் பின்தங்க, நம் இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தன. அரைக் குதிரை நீளத்தில் ஆங்கர் ஜெயித்தது. உடனே ஒலிபெருக்கி: ஜெயித்த குதிரை வழி மறித்ததாக லாந்தரின் ஜாக்கி ஆட்சேபணை. தீர்ப்பு வரும்வரை யாரும் டிக்கெட்டைக் கிழிக்கக் கூடாது. அதைச் சொல்லத் திரும்பியவன் அசந்துபோனேன்.

ஜெயித்த லூர்துசாமி கண்ணை மூடிக்கொண்டு, "மாதாவே, மறிச்சது நெசந்தான், நானே பாத்தேன்" என்று முணுமுணுக்கிறார். தோற்ற சூசை, "இன்னா கலீஜ் கேசு இது! அது நேராத்தான் ஓடிச்சி!" என்று கத்துகிறார்.

"டிக்கெட்டைக் காட்டுங்கள்" என்றேன். சுங்க இலாகாவில் இருந்தவன். நான் ஓய்வு பெற்றாலும் என் குரல் பெறவில்லை. டிக்கெட்டுகள் வெளியே வந்தன. லூர்துசாமி கையில் லாந்தரின் எண். சூசை கையில் ஆங்கரின் எண்.

"பேரு பூட்டாலும் துட்டாவது வரட்டும்னு..." என்று இழுத்தார் லூர்துசாமி.

"அடப்பாவி, நானும் அதான்!" என்றார் சூசை.

ஆட்சேபணை தள்ளுபடி. பெயர் லூர்துசாமிக்கு, பணம் சூசைக்கு.

திரும்பும் ரயில் சைதாப்பேட்டையைத் தாண்டியதும் லூர்துசாமி தன் டிக்கெட்டைக் கிழித்து ஜன்னல் வழியே விட்டார். பிறகு, "என் குதிர ஜெயிக்கும்னு நீதான் நம்பினே, நான் நம்பல. புள்ளைக்கு உன் பேரையே வெச்சிடலாம், சம்பந்தி" என்றார்.

"ஒண்ணும் வேணாம். அப்பறம் துட்டுல பங்கு கேப்பே."

கிண்டியில் காற்று சுத்தம். நாலு மணி நேரம் நின்றும் அங்கே ஒருவரும் நம்மை யாரென்று கேட்கவில்லை. ராயபுரத்தில் கரித்தூளும் கருவாட்டு வாடையும்தான், ஆனால் வண்டியை விட்டு இறங்குமுன், "யாரு பேரு சார்?" என்று தெருவே கேட்டது.

மறுநாள் கோயிலில் சாமியார் பிள்ளையின் பெயரைக் கேட்டார். லூர்துசாமி சூசையைத் திரும்பிப் பார்த்தார். சூசைதான், தெருவுக்கே கேட்கும்படி, "லூர்துசாமி" என்றார்.