இரண்டு சுற்று

ஐம்பது மீட்டர் போய்ச் சேர்வதற்குள் ஆடிக் காற்று என் அம்பை அரைச் சாண் தள்ளிவிடுகிறது. மலைக் கணவாய்க் காற்றிலேயே வளர்ந்த பூதப்பாண்டிக்காரி எனக்குக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் வரும் ஞாயிற்றுக்கிழமை மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள். நாற்பத்தொரு வயது கணக்கு டீச்சருக்கு இன்னொரு வாய்ப்பு வருமா? அம்பு வேகமாகப் போனால் காற்றின் சேட்டை குறையும். அதற்கு வில்லின் இழுவிசையைக் கூட்ட வேண்டும்.

என்னுடையது காம்பவுண்டு வில். மேலும் கீழும் உள்ள இரண்டு திருகாணிகளையும் ஒரே அளவு முறுக்கினால் இழுக்கக் கனமாகும். கூட்டலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக இதே நினைப்பு. வகுப்பில் பின்னம் நடத்தும்போதுகூடக் கை காற்றில் திருகாணி திருகியது.

செவ்வாய்க்கிழமை மாலை மைதானத்தில் என் தோழி வருவதற்குள் திருகுச் சாவியால் இரண்டு சுற்று முறுக்கிவிட்டேன். முதல் அம்பு நடு மஞ்சள் வட்டத்துக்கு மேலே, நீலத்தில் போய்க் குத்தியது. மற்ற நாளென்றால் அழுதிருப்பேன். அன்று துள்ளினேன். மேலே ஏறுகிறதென்றால் வேகம் கூடிவிட்டது!

தோழி வடசேரியில் நர்ஸ். நாங்கள் இருவரும் ஒரே நாளில் வில் எடுத்தவர்கள். வந்ததும் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏட்டி, திருக்கிட்டியா?"

"ரெண்டே சுத்துதான்."

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காந்து இழு, பாப்போம்."

உட்கார்ந்தால் காலும் இடுப்பும் உதவாது. தோளின் உண்மையான பலம் தெரிந்துவிடும். இழுத்தேன். நாண் வர மறுத்தது. வில்லை மேலே தூக்கித் தூக்கித்தான் இழுக்க முடிந்தது.

"நீ என்னட்டி, தேங்கா பறிக்கவா போற? கை நழுவுனா அம்பு பின்னால உள்ள வாழை விளைக்குல்லா போவும். அங்க ஆளு நிக்கு!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நின்னு இழுத்தா வருதுல்லா?"

"எழுவத்திரெண்டாவது அம்புக்கும் வருமா?"

வில்லை மடியில் இறக்கினேன். ஞாயிற்றுக்கிழமைத் தேர்வில் எழுபத்திரண்டு அம்பு எய்ய வேண்டும். போன வருடம் அறுபதாவது அம்பில் தோள் பிடித்து, வில்லைக் கீழே வைத்துவிட்டு வந்தவள் நான். அன்று என்னைத் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தவள் இவள்.

இரண்டு திருகாணிகளையும் ஒவ்வொரு சுற்று தளர்த்தினேன். மறுபடி உட்கார்ந்தேன். இழுத்தேன். வில் நேராக நின்றது, நாண் தாடை வரை வந்தது. பழைய கனத்தைவிட ஒரு சுற்று கூடுதல், ஆனால் என் தோளுக்கு அடங்கியது. குறிகாட்டியைச் சரிசெய்து எழுபத்திரண்டையும் எய்தேன். காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. கடைசி அம்பு மஞ்சளில் இறங்கியபோது நான் போட்ட கூச்சலில் வயலில் இருந்த கொக்குகள் பறந்தன.

தோழி என் திருகுச் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டாள். "இது எங்கிட்ட இருக்கட்டு. ஞாயித்துக்கெழம முடிஞ்சி தாரேன்."

தலையாட்டிவிட்டு ஸ்கூட்டர் வரை நடந்தேன். சீட்டுக்கு அடியில் இன்னொரு திருகுச் சாவி இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு திரும்பிப் போய் அதையும் அவள் கையில் கொடுத்தேன்.