மருதாசலத்தின் எலாஸ்டிக் கட்டு

மருதாசலம் அண்ணனுக்கு உலகத்தில் நம்பிக்கையான பொருள் ஒன்றுதான்: எலாஸ்டிக். மண்ணரையில் எங்கள் ஜட்டி கம்பெனியில் பதினைந்து வருடமாக இடுப்புக்கு எலாஸ்டிக் தைக்கிறவர். மூக்குக் கண்ணாடி, குடை, சைக்கிளில் சாப்பாட்டுத் தூக்கு என எதையும் துண்டு எலாஸ்டிக் போட்டுத்தான் கட்டுவார். "கயிறு அவுந்துரும் ராக்கையா, இது உடாதுங்க" என்பார். பக்கத்து மிஷினில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

1993இல் அவருக்குச் சர்க்கரை வந்தது. கூடவே ஆணுறுப்பின் முன்தோல் புண்ணாகி இறுகிக்கொண்டது. சிறுநீர் கழிப்பதே பெரும்பாடு. அந்தத் தோலை நீக்கிவிடலாம் என்றார் டாக்டர். சின்ன ஆபரேஷன்தான், ஆனால் ரத்தம் கசியலாம், வீங்கலாம், சீழ் பிடிக்கலாம், சர்க்கரைக்காரருக்கு ஆற நாளாகும் என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். "ரத்தம் வந்தா காஸ் துணிய வெச்சுக் கையால அழுத்துங்க. நிக்கலைன்னா உடனே வாங்க. எதையும் இறுக்கிக் கட்டாதீங்க." அண்ணன் தலையாட்டினார். கம்பெனியில் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லி லீவு போட்டார். என்னிடமும் அதே பொய்தான்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். மனுஷன் சுவரைப் பிடித்தபடி நிற்கிறார், முகமெல்லாம் வேர்வை. அவர் மனைவி மயிலாள் அழுதாள். "நேத்திருந்து ஒண்ணுக்குப் போகலீங்க. என்னன்னு கேட்டாச் சொல்ல மாட்டேங்கறாருங்க."

கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். அப்போதுதான் உண்மை வந்தது. முந்தின நாள் ரத்தம் கசிந்திருக்கிறது. மறுபடியும் நர்சம்மா முன்னால் வேட்டியை அவிழ்க்க வெட்கம். கட்டின் மேல் நாலு சுற்று எலாஸ்டிக் போட்டு இறுக்கிவிட்டார். இப்போது நீலம் பாரித்து வீங்கி, எலாஸ்டிக் கட்டோடு சதைக்குள் புதைந்து கிடக்கிறது. அவிழ்க்க வரவில்லை.

எனக்கு வந்ததே கோபம். "ஏண்ணே, அது என்ன ஜட்டி இடுப்பா? வெக்கம் பெருசா, உசுரு பெருசா?"

"ராக்கையா, அது போயிருமாங்க?" என்று மெல்லக் கேட்டார். என் கோபமெல்லாம் வடிந்துபோயிற்று. ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

டாக்டர் சின்னக் கத்தரியை விட்டு ஒவ்வொரு சுற்றாக வெட்டினார். "ரத்த ஓட்டம் திரும்பணும், ஒண்ணுக்கும் வரணும். பார்ப்போம்" என்று எங்களை வெளியே அனுப்பினார். மயிலாள் சாத்துக்குடிப் பையை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டே இருந்தாள். அரை மணி நேரம். அப்புறம் உள்ளே பேசினில் சிறுநீர் விழும் சத்தம் கேட்டது. விட்டு விட்டு வந்தது, பிறகு நிற்காமல் வந்தது. மயிலாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நர்ஸ் செல்லத்தாய் எட்டிப் பார்த்து, "நிறம் திரும்பிருச்சும்மா, பயமில்ல" என்றாள்.

புண் ஆற ஐந்து வாரம் ஆனது. வேலைக்கு வந்த அன்று சாப்பாட்டுத் தூக்கைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார். அயர்ன் மேசைக் குருசாமியும் சர்க்கரைக்காரர். "குடலிறக்கம் சரியாயிருச்சா அண்ணே?" என்று விசாரித்தார்.

அண்ணன் மிஷினை நிறுத்தினார். "குடலிறக்கம் இல்லீங்க" என்று ஆரம்பித்து, எல்லாருக்கும் கேட்கும்படி முழுக் கதையையும் சொன்னார். எலாஸ்டிக் கட்டியதையும் மறைக்கவில்லை. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குருசாமி மட்டும் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

சாயங்காலம் குருசாமியைச் சைக்கிளில் ஏற்றி, அதே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனதும் மருதாசலம் அண்ணன்தான்.